நாலு இடம், ஏழு பேர்: 1969 மெட்ஸ் இன்ஃபீல்டைப் பார்த்து நம்ம ஊர் அணியைத் தயார் செய்வது

1969 அக்டோபர் 12, பால்டிமோர். அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான வேர்ல்டு சீரிஸின் இரண்டாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி. நியூயார்க் மெட்ஸ் 2-1 என்று முன்னால் இருக்கிறது. ரெண்டு அவுட் ஆகிவிட்டது. ஆனால் அடுத்தடுத்து ரெண்டு பேருக்கு வாக் (நாலு தவறான வீச்சுக்கு இலவசமாக ஃபர்ஸ்ட் பேஸ்) கொடுத்ததில் ரெண்டு ரன்னர்கள் பேஸில் நிற்கிறார்கள். புதிதாக வந்த பிட்சர் ரான் டெய்லர் வீச, புரூக்ஸ் ராபின்சன் தேர்ட் பேஸ் பக்கம் தரையோடு அடிக்கிறார். அங்கே நிற்பவர் எட் சார்லஸ். வயது 36, அந்த வருடத்துப் பேட்டிங் சராசரி .207. பந்தை எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிகிறார், டான் கிளெண்டனன் பிடிக்கிறார், ஆட்டம் முடிகிறது. ஸ்கோர் புத்தகத்தில் தேர்ட் பேஸ்காரருக்கு எண் 5, ஃபர்ஸ்ட் பேஸ்காரருக்கு 3. இவ்வளவும் "5-3" என்ற ரெண்டு எண்ணுக்குள் அடங்கிவிடும்.

அதே இன்னிங்ஸின் முன்பாதியில் அந்த ரெண்டாவது ரன் வந்ததும் இவர்களால்தான். ரெண்டு அவுட்டுக்குப் பிறகு சார்லஸ் ஒரு சிங்கிள், கேட்சர் ஜெர்ரி குரோட் ஒரு சிங்கிள், செகண்ட் பேஸ்காரர் ஆல் வைஸ் ஒரு சிங்கிள். சார்லஸ் ஓடி வந்து ரன் எடுத்தார்.

1962-ல் பிறந்து முதல் வருடமே 120 ஆட்டம் தோற்ற அணி, ஏழே வருடத்தில் 100 ஆட்டம் ஜெயித்து சாம்பியன் ஆனது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் 25 வெற்றி பெற்ற பிட்சர் டாம் சீவரைச் சொல்வார்கள், அவுட்ஃபீல்டில் டாமி ஏஜி பிடித்த ரெண்டு கேட்ச்களைச் சொல்வார்கள், ரான் ஸ்வபோடா பாய்ந்து பிடித்ததைச் சொல்வார்கள். இன்ஃபீல்டை, அதாவது ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் பேஸ்காரர்களும் செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவே நிற்கிற ஷார்ட்ஸ்டாப்பும் சேர்ந்த நாலு பேரை, யாரும் சொல்வதில்லை. ஒரு பள்ளி அணியோ கல்லூரி அணியோ அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இன்ஃபீல்டைத்தான். மணிக்கு 150 கிலோமீட்டரில் வீசுகிற பையனை நாம் உண்டாக்க முடியாது. நாலு இடத்துக்கு ஏழு பேரைத் தயார் செய்வது வேலூரிலும் முடியும், குடியாத்தத்திலும் முடியும், ஆம்பூரிலும் முடியும்.

ஏழு பேர் கணக்கு

மேனேஜர் கில் ஹாட்ஜஸ் தானே ஒரு காலத்தில் பேர்பெற்ற ஃபர்ஸ்ட் பேஸ்காரர். அவர் ஷார்ட்ஸ்டாப்பில் பட் ஹாரல்சனை நிலையாக வைத்தார். மற்ற மூன்று இடத்துக்கும் ஜோடி போட்டார். ஃபர்ஸ்ட் பேஸில் இடக்கைப் பேட்டர் எட் கிரேன்பூல், வலக்கைப் பேட்டர் கிளெண்டனன். செகண்டில் கென் பாஸ்வெல், வைஸ். தேர்டில் 21 வயது வெய்ன் காரெட், 36 வயது சார்லஸ். எதிரணி பிட்சர் வலக்கை என்றால் கிரேன்பூல், பாஸ்வெல், காரெட் இறங்குவார்கள். இடக்கை என்றால் மற்ற மூவர். பிட்சரின் கைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் பேட்டருக்குப் பந்து கையிலிருந்து விடுபடுவது சீக்கிரம் தெரியும், வளையும் பந்தும் அவரை விட்டு விலகாமல் அவர் பக்கம் வரும். காரணம் அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கஷ்டம் உண்டு. லீக் சாம்பியன்ஷிப்பில் அட்லாண்டா பிரேவ்ஸ் மூன்று ஆட்டத்தையும் வலக்கைப் பிட்சர்களோடு தொடங்கியது. கிளெண்டனனும் சார்லஸும் களத்தில் இறங்கவே இல்லை. அடுத்த வாரம் பால்டிமோர் ஐந்தில் நாலு ஆட்டத்தை இடக்கைப் பிட்சர்களோடு தொடங்கியது. பெஞ்சில் இருந்த அதே கிளெண்டனன் மூன்று ஹோம் ரன் அடித்து வேர்ல்டு சீரிஸின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். வருடம் முழுக்க .215 அடித்த வைஸ் அந்த ஐந்து ஆட்டத்தில் 11-க்கு 5, அதாவது .455. ஐந்தாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் 3-3 என்று சமன் செய்ததும் அவருடைய ஹோம் ரன்தான். அந்த சீசன் முழுக்க அவர் அடித்தது ரெண்டே ஹோம் ரன்.

உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்ததும் ஆடினார் என்றால், உட்கார்ந்திருந்த நாட்களிலும் அவருக்குப் பந்து போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். நம்முடைய முதல் விதி இதுதான்: ஏழு பேருக்கும் தினமும் ஒரே எண்ணிக்கையில் கிரவுண்டர் (தரையோடு வரும் பந்து). தொடக்க நாலு பேருக்கு 40, மீதிப் பேருக்கு "நேரம் இருந்தால்" என்று வைத்தால் மீதிப் பேருக்கு ஒருநாளும் நேரம் இருக்காது.

நம் பள்ளிகளில் இடக்கைப் பேட்டர்கள் குறைவு, அதனால் பேட்டிங் கையை வைத்து ஜோடி போட முடியாது. வேலையை வைத்துப் போடுங்கள். செகண்டுக்கு ஒருவன் கால் வேகமானவன், இன்னொருவன் டபுள் பிளே (ஒரே அடியில் ரெண்டு அவுட்) திரும்புகிறவன். தேர்டுக்கு ஒருவன் கை பலமானவன், இன்னொருவன் பன்ட்டுக்கு (பேட்டை வீசாமல் மெல்லத் தட்டிவிட்ட பந்துக்கு) ஓடி வருகிறவன். ஃபர்ஸ்டுக்கு ஒருவன் உயரமானவன், இன்னொருவன் தாழ்ந்த த்ரோவை அள்ளுகிறவன். ஏழாவது ஆள் ஷார்ட்ஸ்டாப். ஹாரல்சன் ராணுவ ரிசர்வ் பணிக்குப் போன நாட்களில் வைஸ்தான் ஷார்ட்ஸ்டாப்பில் நின்றார். ஆகவே செகண்ட் ஜோடியில் ஒருவனுக்கு ஷார்ட்ஸ்டாப்பும் தெரிந்திருக்க வேண்டும். தேர்வுக்கும் காய்ச்சலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் ஷார்ட்ஸ்டாப் வராத நாள் கட்டாயம் வரும்.

இடக்கையால் எறிகிற பையனை செகண்ட், ஷார்ட், தேர்ட் மூன்றிலும் நிறுத்தாதீர்கள். எடுத்த பிறகு ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிய உடம்பை முழுவதும் திருப்ப வேண்டும், அரை விநாடி போய்விடும். அவனுக்கு ஃபர்ஸ்ட் பேஸ் மிகப் பொருத்தமான இடம்.

ஆள் எடுக்கும்போது கபடிக் கூட்டத்தைப் பாருங்கள். கபடி ஆடுகிற பையன் சொல்லாமலே தாழ்ந்து நிற்பான், பக்கவாட்டில் நகரக் காலைப் பின்னிக்கொள்ள மாட்டான். 15 மீட்டர் தூரத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் 20 பந்து உருட்டிவிட்டு, எத்தனை பிடித்தான் என்பதை எண்ணாதீர்கள். பந்து கையை விட்டுக் கிளம்பும்போது கால் நகர்ந்ததா என்று மட்டும் பாருங்கள். பிடிப்பதைச் சொல்லித்தரலாம். அந்த முதல் அசைவைச் சொல்லித்தர மாதங்கள் ஆகும்.

மைதானம்

பழைய வட ஆற்காட்டு மைதானங்களில் பெரும்பாலானவை மொரம்பு. மார்ச் வந்துவிட்டால் கல் மாதிரி இறுகிப்போகும், மேலே சின்னச் சின்னச் சரளை உருளும். பந்து சரளையில் பட்டு முகத்துக்கு ஏறும். ஒரு தடவை உதட்டில் வாங்கிய பையன் அதற்குப் பிறகு தலையைத் திருப்பிக்கொண்டுதான் குனிவான். அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு சீசன் போய்விடும். எனவே கையுறை வாங்கும் முன் மண்ணைக் கவனியுங்கள்.

முழு இன்ஃபீல்டுக்கும் மண் போடத் தேவையில்லை. நாலு பேரும் நிற்கிற இடத்தில், ஒவ்வொன்றும் 4 மீட்டருக்கு 6 மீட்டர், 5 செ.மீ. கனம். கணக்குப் போட்டால் நாலு இடத்துக்கும் சேர்த்துச் சுமார் 170 கன அடி. இறுகும்போது அமுங்கும் என்பதால் ரெண்டு யூனிட் மண் சொல்லுங்கள். மூன்று பாண்டு மணலுக்கு ஒரு பாண்டு ஏரிக் களிமண் என்ற அளவில் கலந்து, சல்லடையில் சலித்துப் பரப்பி, தண்ணீர் தெளித்து உருளையை ஓட்டுங்கள். களி கூடினால் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மணல் கூடினால் கால் புதையும், பந்து துள்ளாமல் செத்துப்போகும். அதன் பிறகு தினமும் முந்தின நாள் சாயங்காலம் லேசாகத் தண்ணீர், காலையில் பழைய இரும்பு வலையில் ஒரு கல்லை வைத்துக் கட்டி ஒரு சுற்று இழுத்தால் போதும்.

அளவு எடுப்பதில் நிறைய இடங்களில் கோணல் வருகிறது. எளிய வழி இது. பேட்டர் நிற்கிற ஹோம் பிளேட்டின் பின் முனையில் ஒரு முளை அடியுங்கள். அங்கிருந்து 38.80 மீட்டரில் செகண்ட் பேஸின் நடுப்புள்ளி. இப்போது ரெண்டு டேப்பை, ஒன்று ஹோம் முளையிலிருந்தும் இன்னொன்று செகண்ட் புள்ளியிலிருந்தும், 27.43 மீட்டருக்கு நீட்டினால் அவை சந்திக்கும் இடம் ஃபர்ஸ்ட் மூலை. அப்படியே மறுபக்கம் தேர்ட் மூலை. ஃபர்ஸ்ட் பையும் தேர்ட் பையும் இந்தச் சதுரத்துக்கு உள்ளேதான் உட்கார வேண்டும், வெளியே இல்லை. செகண்ட் பை மட்டும் புள்ளியின் மேல் நடுவாக உட்காரும். பிட்சர் பலகையின் முன்விளிம்பு ஹோமிலிருந்து 18.44 மீட்டர். சாஃப்ட்பாலுக்கு இதே முறையில் பேஸ் தூரம் 18.29, குறுக்கு 25.86 மீட்டர்.

கோடு போடச் சுட்ட சுண்ணாம்பு வேண்டாம். சறுக்கி விழுகிற பையன் கண்ணில் பட்டால் எரித்துவிடும். கோலமாவு போதும். பேஸுக்கு மணல் நிரப்பிய சாக்கும் வேண்டாம், ஓடி வருகிறவன் கணுக்கால் புரளும். செருப்புக்கு அடிப்பாகம் வெட்டுகிற ரப்பர் ஷீட் ஆம்பூர்ப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். 38 செ.மீ. சதுரமாக ரெண்டு மூன்று அடுக்கு ஒட்டி, ஓரத்தைச் சரித்துச் சீவினால் பயிற்சிக்கு நல்ல பேஸ். ஆட்டத்துக்கு விதிப்படியான பையை வையுங்கள்.

வெயில் பற்றி ஒரு குறிப்பு. ஹோமிலிருந்து செகண்டைப் பார்க்கும் திசை கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்பது பேஸ்பால் விதிநூலின் ஆலோசனை. அப்படி அமைந்த மைதானத்தில் காலைப் பயிற்சியின்போது இன்ஃபீல்டர்களுக்குச் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், நிம்மதி. சாயங்காலம் செகண்ட் பேஸ்காரனுக்கு ஹோம் கிட்டத்தட்ட நேர் மேற்கே இருக்கும், கண் கூசும். தொப்பி கட்டாயம். உயரப் பந்துக்குக் கையுறையால் சூரியனை மறைத்துக்கொண்டு ஓரமாகப் பார்க்கப் பழக்குங்கள். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற மாதங்களில் ஏழரை மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள்.

கையுறை

இன்ஃபீல்டுக்கு 11.25 முதல் 11.75 அங்குலம். சின்னது நல்லது, ஏனென்றால் பந்தைத் தேடாமல் எடுக்கலாம். அவுட்ஃபீல்டுக்கான 12.5 அங்குலக் கையுறையைக் கொடுத்தால் பந்து உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். ஃபர்ஸ்ட் பேஸுக்கு மட்டும் விரல் பிரியாத, அகன்ற மிட்.

புதுக் கையுறையைத் தண்ணீரில் ஊறவைப்பதும் வெயிலில் காயவைப்பதும் தோலைக் கொல்லும் வேலை. தோல் பதனிடுகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தடவுகிறவர்களும் உண்டு. தோல் ஊறிக் கனத்துவிடும், விரல்கள் தொங்கிவிடும். பட்டாணி அளவு வாஸலின் எடுத்து உள்ளங்கைக் குழியிலும் மடிப்பிலும் தேய்த்து, மரச்சுத்தியால் குழியில் நூறு தட்டு, பிறகு ஐம்பது பந்து பிடி. இப்படி ஒரு வாரம். ராத்திரி நடுவில் ஒரு பந்தை வைத்துத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். வியர்வை உப்பு பூத்து வெள்ளையாகத் தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்துக் காற்றில் உலர்த்துங்கள்.

வார் அறுந்தால் 6 மி.மீ. அகலத்தில் தோல் வார் வெட்டி மாற்றலாம். வெட்டும் முன் துண்டை இழுத்துப் பாருங்கள். இழுபடுகிற தோல் ஆகாது, ரெண்டு நாளில் வலைப்பகுதி தளர்ந்துவிடும்.

எடுப்பது

கிரிக்கெட்டிலிருந்து வருகிற பையன்களிடம் மூன்று பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டியைத் தரையில் ஊன்றி உடம்பால் மறிப்பது முதலாவது. பந்து நிற்கும், ஆனால் எழுந்து எறிவதற்குள் ரன்னர் பேஸில் இருப்பான். ரெண்டாவது, உள்ளங்கையால் பிடிக்கப் பார்ப்பது. கையுறையில் பந்து விழ வேண்டிய இடம் ஆள்காட்டி விரலின் அடிப்பக்கத்துக் குழி. உள்ளங்கையில் வாங்கினால் வலிக்கும், தெறிக்கும். மூன்றாவது, ஸ்டம்பைக் குறிவைத்துத் தாழ்வாக எறிவது. இங்கே குறி பிடிக்கிறவனின் நெஞ்சு.

சரியான நிலை இது. பிட்சர் கை ஓங்கும்போது ரெண்டு சின்ன அடி முன்னால், பந்து பேட்டை எட்டும் நேரத்தில் ரெண்டு காலும் தரையில் லேசாகப் பதிந்திருக்க வேண்டும். பதிந்து ஊன்றி நின்றுவிட்டால் தாமதம், காற்றில் இருந்தாலும் தாமதம். பந்து வருகிறது என்றால் கால்கள் தோளை விட அகலமாக, வலக்கைக்காரனுக்கு இடது கால் அரைப் பாதம் முன்னால். பின்பாகம் தாழ, கையுறை கண்ணுக்கு முன்னால் நீட்டித் தரையைத் தொட. ரெண்டு பாதமும் கையுறையும் முக்கோணமாக அமைய வேண்டும். கையுறை கீழிருந்து மேலே வரலாம், மேலிருந்து கீழே போகக் கூடாது. காலுக்கு இடையில் பந்து போவது எல்லாம் மேலிருந்து கீழே போன கைதான். எறியும் கை கையுறைக்கு மேலே, முதலை வாய் போல் திறந்திருக்கட்டும். சரளையில் பட்டு ஏறுகிற பந்தை அந்த மேல்கை தடுக்கும்.

துள்ளலைப் படிப்பது இதில் கஷ்டமான பாடம். தரையிலிருந்து கிளம்பியதும் எடுப்பது குட்டைத் துள்ளல், மேலே போய் இறங்கும்போது எடுப்பது நெட்டைத் துள்ளல். ரெண்டும் எளிது. நடுவில், முட்டிக்கும் இடுப்புக்கும் இடையே ஏறிக்கொண்டிருக்கும் பந்துதான் தவறுகிறது. அது தானாக அமைவதில்லை. கால் நின்றுபோனவனுக்குத்தான் அது கிடைக்கும். ரெண்டு அடி முன்னே போயிருந்தால் குட்டைத் துள்ளல் ஆகியிருக்கும், ஒரு அடி பின்வாங்கியிருந்தால் நெட்டைத் துள்ளல். நம் கடினத் தரையில் முன்னே போவதே நல்லது. இதற்கு ஜோடி ஜோடியாக 5 மீட்டர் தூரத்தில் முட்டிபோட்டு, ஒருவருக்கொருவர் குட்டைத் துள்ளலாக 25 பந்து. கையுறை இல்லாமல் டென்னிஸ் பந்தில் ஆரம்பித்து, ரெண்டாம் வாரம் கையுறை, மூன்றாம் வாரம் தோல் பந்து. 142 முதல் 149 கிராம் எடையுள்ள பந்தை முதல் நாளே கொடுத்துப் பயத்தை விதைக்காதீர்கள்.

எறியும்போது பந்தின் தையல் குதிரைலாடம் மாதிரி தெரியும் இடத்தின் குறுக்கே ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அப்போதுதான் பந்து நேராகப் போகும். தையலோடு நீளவாக்கில் பிடித்தால் ஃபர்ஸ்ட் பேஸை நெருங்கும்போது ஒதுங்கும், பையன் "நேராத்தான் சார் போட்டேன்" என்பான், அவன் சொல்வது உண்மையாகவே இருக்கும். கை பலம் போதாதவன் ஒரே துள்ளலில் போடட்டும், பிடிக்கிறவனுக்கு 3, 4 மீட்டர் முன்னால் விழும்படி. காலடியில் விழும் த்ரோதான் ஆபத்து.

ஷார்ட்ஸ்டாப்பும் தேர்டும் எவ்வளவு ஆழத்தில் நிற்கலாம் என்பதற்கு ஒரு சோதனை. உங்கள் பையன்கள் அடித்துவிட்டு ஃபர்ஸ்ட் பேஸைத் தொட எத்தனை விநாடி என்று போனில் அளவெடுங்கள். அமெரிக்க மேஜர் லீக் வலக்கைப் பேட்டருக்குச் சராசரி 4.3 விநாடி. பள்ளிப் பையன்களுக்கு அதைவிடக் கூடும். அடித்ததிலிருந்து எடுத்து எறிந்து பிடிக்கும் வரை அந்த நேரத்துக்குள் முடிகிற ஆழம் எதுவோ அதுதான் அவனுடைய இடம். தரையில் ஒரு கீறல் போட்டுக் காட்டிவிடுங்கள்.

ஃபர்ஸ்ட் பேஸும் பிட்சரும்

1969-ல் பால்டிமோர் இன்ஃபீல்டில் மூன்று பேர், புரூக்ஸ் ராபின்சன், மார்க் பெலாஞ்சர், டேவி ஜான்சன், அந்த வருடத்துத் தங்கக் கையுறை விருது பெற்றவர்கள். அப்படிப்பட்ட அணியின் சீரிஸ் நழுவிய கடைசி ரன் எப்படி வந்தது தெரியுமா? ஐந்தாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ். குரோட் தரையோடு ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் அடித்தார். பூக் பவல் பந்தைத் தடுமாறி எடுத்து, பேஸை மூட ஓடி வந்த பிட்சர் எடி வாட்டுக்குப் போட்டார். வாட் விட்டுவிட்டார். ஸ்வபோடா ஓடி வந்து ரன் எடுத்தார். மெட்ஸ் 5-3.

இந்த ஒரு ஓட்டத்தைப் பள்ளி அணிகள் பயிற்சியே செய்வதில்லை. தேர்ட் பேஸ் பக்கம் பந்து போனால் பிட்சர் சும்மா நிற்கலாம், ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் போனால் ஒவ்வொரு தடவையும் ஓட வேண்டும். பந்தை யார் எடுத்தாலும் சரி. ஓடுவது நேராகப் பேஸுக்கு இல்லை. பேஸுக்கு 4 மீட்டர் முன்னால் கோட்டருகே ஒரு புள்ளியைப் பிடித்து, அங்கிருந்து கோட்டுக்கு உள்பக்கமாக, கோட்டை ஒட்டியே பேஸை நோக்கி. நேராக ஓடினால் பேட்டரோடு மோதுவான். ஃபர்ஸ்ட் பேஸ்காரன் பந்தைக் கையுறையிலிருந்து எடுத்து, கையை விரித்துக் காட்டி, கீழ்க்கையாக நெஞ்சுயரத்துக்குப் போட வேண்டும், பிட்சர் பேஸை எட்டுவதற்கு ரெண்டு அடி முன்பே. பந்தையும் பேஸையும் ஒரே நேரத்தில் தேட வைத்தால்தான் பந்து நழுவுகிறது. பிட்சர்கள் அனைவருக்கும் வாரத்தில் மூன்று நாள், ஆளுக்கு 10 தடவை.

ஃபர்ஸ்ட் பேஸ்காரனுக்கு இன்னொரு பாடம். த்ரோ வரும் முன்பே காலை நீட்டிவிடக் கூடாது. பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துவிட்டு நீட்ட வேண்டும். பேஸின் நடுவில் மிதிக்காமல் ஓரத்தை மட்டும் பாதத்தின் முன்பகுதியால் தொட்டுக்கொண்டு நிற்கட்டும், இல்லையென்றால் ஓடி வருகிறவன் குதிகாலை மிதிப்பான். தாழ்ந்த த்ரோவுக்கு மிட்டைத் தரையோடு முன்னே தள்ளி அள்ள வேண்டும். தினமும் 20 பந்து வேண்டுமென்றே காலடியில் எறியுங்கள். அள்ளத் தெரிந்த ஒருவன் மற்ற மூன்று பேருடைய பிழையையும் குறைத்துவிடுவான். அவன் அள்ளிய பந்து ஸ்கோர் புத்தகத்தில் சாதாரண அவுட்டாகத்தான் பதியும்.

டபுள் பிளே, பன்ட்

செகண்ட் பேஸுக்கு 4 மீட்டருக்குள் இருந்தால் கீழ்க்கையாகப் போடு, மணிக்கட்டை மடக்காதே, கட்டைவிரல் மேலே. அதற்கு மேல் தூரமென்றால் பக்கவாட்டுக் கை. எதுவானாலும் கையுறைக்குள்ளேயே பந்தை மறைத்து வைக்காமல் வாங்குகிறவன் கண்ணுக்குக் காட்டு. முதல் அவுட் நிச்சயம், ரெண்டாவது கிடைத்தால் வரவு. இந்த வரிசையைப் பையன்கள் மாற்றிக்கொள்ளும்போதுதான் ரெண்டும் போகிறது. திரும்புகிற செகண்ட் பேஸ்காரன் இடது காலைப் பேஸில் வைத்து வாங்கி, வலது காலைப் பின்னே வைத்து விலகி எறியட்டும், சறுக்கி வருகிறவன் காலுக்கு எட்டாமல்.

பன்ட்டுக்குத் தேர்ட் பேஸ்காரன் ஓடி வரும்போது நின்றுபோன பந்தை மட்டும் வெறுங்கையால் எடுக்கலாம். உருண்டுகொண்டிருந்தால் கையுறையும் கையும் சேர்த்து. எந்தப் பேஸுக்கு எறிவது என்பதை அவன் முடிவு செய்யக் கூடாது. மொத்தக் களத்தையும் பார்க்கிற கேட்சர்தான் எண்ணைக் கத்த வேண்டும்: "ஒண்ணு! ஒண்ணு!" அல்லது "ரெண்டு!". ரெண்டு பேர் நடுவே உயரப் பந்து வந்தால் ஷார்ட்ஸ்டாப் சொல்தான் கடைசிச் சொல். "என்னுது" என்று மூன்று தடவை, சத்தமாக.

புத்தகத்தில் தெரியவைப்பது

இடங்களின் எண்கள்: பிட்சர் 1, கேட்சர் 2, ஃபர்ஸ்ட் 3, செகண்ட் 4, தேர்ட் 5, ஷார்ட்ஸ்டாப் 6. ஷார்ட் எடுத்து செகண்டுக்குப் போட்டு அங்கிருந்து ஃபர்ஸ்டுக்குப் போன டபுள் பிளே 6-4-3. அவுட் செய்தவருக்கு ஒரு புட்அவுட், பந்தைக் கொடுத்தவருக்கு ஒரு அசிஸ்ட். ரெண்டையும் கூட்டி, அதை ரெண்டும் பிழையும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் ஃபீல்டிங் சராசரி.

அந்தச் சராசரி ஏமாற்றும். எட்டு அடி தள்ளிப் போகும் பந்துக்கு அசையாமல் நின்றவனுக்குப் பிழை பதியாது. பாய்ந்து தொட்டு விட்டவனுக்குத்தான் பதியும். மாதக் கடைசியில் சராசரியை மட்டும் பார்த்து அணி போட்டால் அசையாதவன் உள்ளே, பாய்ந்தவன் வெளியே. அதனால் ஒவ்வொரு இன்ஃபீல்டர் பெயருக்கும் எதிரே நாலு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: எட்டிய பந்து, நெஞ்சுக்குப் போன த்ரோ, அள்ளிக் காப்பாற்றியது, பின்னால் ஓடித் துணை நின்றது. ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் இருக்கிற மூன்று இன்ஃபீல்டர்களிடமே அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள். தன் ஜோடிக்காரனுக்கு அவனே கோடு போடும்போது எந்தப் பேட்டர் எந்தப் பக்கம் அடிக்கிறான் என்பதும் அவன் மனதில் ஏறும். ஆறாவது இன்னிங்ஸில் அவனை இறக்கும்போது அவனுக்கு எதையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்காது.

1906-ல் சிகாகோ கப்ஸ் 116 ஆட்டம் ஜெயித்தது. அந்த இன்ஃபீல்டின் டிங்கர், எவர்ஸ், சான்ஸ் மூவர் பெயரும் 1910-ல் ஒரு பத்திரிகைக் கவிதையில் வந்து நிலைத்துவிட்டது. தேர்ட் பேஸில் நின்ற ஹாரி ஸ்டீன்ஃபெல்ட் அதில் இல்லை. 1906-ல் அவர் அடித்தது .327, அந்த அணியிலேயே அதிகம். உங்கள் புத்தகத்தில் நாலாவது கட்டத்தையும் விடாமல் நிரப்புங்கள். திங்கட்கிழமைப் பயிற்சி தொடங்கும் முன் ஏழு பேர் கணக்கையும் சத்தமாகப் படித்துவிட்டுப் பந்துக் கூடையை எடுங்கள்.